தண்ணீருக்கு இரண்டு கிலோ

1

அரவேணுவில் யாராவது, "பாக்கியம், உன் மக அந்த ஊர்ல என்னா வேல பாக்குது?" என்று கேட்டால் என் அம்மாவிடம் ஒரே பதில்தான் இருக்கிறது: "கப்பல்ல எறா எண்ணுது." கேட்டவர்கள் அதற்குமேல் கேட்பதில்லை. முட்டி மோதிப் படிக்கவைத்த பிள்ளை கடைசியில் இப்படி ஆகிவிட்டதே என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கோத்தகிரி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுவார்கள்.

அம்மாவைத் திருத்துவதை நான் விட்டு வெகுநாளாகிறது. அது இறால் இல்லை, கிரில். பார்வைக்கு இறால் குஞ்சு போல, சுண்டுவிரல் நீளத்தில் இருக்கும். தென்துருவக் கடலில் திமிங்கிலம், பென்குயின், சீல் எல்லாம் அதை நம்பித்தான் உயிர் பிழைக்கின்றன. நான் அதை எண்ணுவதில்லை. ஒரு கூட்டத்தில் எத்தனை டன் இருக்கும் என்று கணிக்கிறேன். அதையும் பெரும்பாலும் கப்பலில் செய்வதில்லை. ஆஸ்திரேலியாவின் தெற்கே தனியாக விழுந்து கிடக்கும் டாஸ்மேனியாத் தீவில், ஹோபார்ட் நகரத்தில், ஓர் ஆய்வகத்தின் இரண்டாம் மாடியில் ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்கிறேன்.

நாங்கள் இங்கே வந்து இந்த மார்ச்சோடு பத்து வருடம் ஆயிற்று. வீட்டுக்காரர் செல்வா கேக் வாங்கி வந்தார். பதினொரு வயது மகள் அகிலா அதன்மேல் ஒரு திமிங்கிலப் படம் போடச் சொல்லியிருந்தாள். இடம்பெயர்வது பற்றி அவளுக்குப் பள்ளியில் பாடம் நடக்கிறது. அதில் முதலில் திமிங்கிலம் வருகிறது, பிறகு ஒரு கடற்பறவை, மூன்றாவதாகத்தான் நாங்கள்.

பத்து வருடம் முடிந்த கையோடு எழுதினால், மண்வாசனைக்கு ஏங்குகிறேன், மலைப்பனி கண்ணில் நிற்கிறது என்றெல்லாம் எழுதவேண்டும். பனிக்கு இங்கே ஒரு குறைவும் இல்லை. நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. இந்த வருடம் நான் ஒரு பெரிய தப்பு செய்தேன். அதை இங்குள்ளவர்களிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆனால் இவர்களுக்கு அது பாதிதான் புரிந்தது. முழுதாகப் புரிய ஒரு தேயிலைத் தோட்டத்தில் மழைநாளில் மூட்டையோடு வரிசையில் நின்றிருக்க வேண்டும்.

2

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை போனில் அம்மாவுக்குச் சொன்னதையே சொல்கிறேன், அதைவிட எளிதாக எனக்கு வராது.

கப்பலின் அடிவயிற்றில் ஒரு கருவி இருக்கிறது. அது கடலுக்குள் ஒரு சத்தத்தை அனுப்பும். சத்தம் கிரில் கூட்டத்தின்மேல் பட்டுத் திரும்பி வரும். எவ்வளவு நேரம் கழித்து வந்தது என்பதை வைத்து எத்தனை ஆழம் என்று தெரியும். எவ்வளவு பலமாக வந்தது என்பதை வைத்து எவ்வளவு கிரில் என்று தெரியும்.

"மூடுபனியில கூ போடறமே, அப்புடியா?" என்றாள் அம்மா.

அப்படியேதான். பனி இறங்கிவிட்டால் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவளும் கண்ணுக்குத் தெரியமாட்டாள். பெண்கள் கூ போட்டுக்கொண்டே இறங்குவார்கள். பதில் வந்த சத்தத்தை வைத்தே யார் எந்தச் சரிவில் இருக்கிறாள், எத்தனை பேர் இன்னும் மேலே நிற்கிறார்கள் என்று அம்மா சொல்லிவிடுவாள்.

"எறா பதிலுக்கு கூ போடுமா?"

"போடாதும்மா. நம்ம சத்தந்தான் அதுமேல முட்டித் திரும்பி வரும்."

"அப்ப அது எறாவா மீனான்னு எப்புடித் தெரியும்?"

இந்தக் கேள்வியை என் நேர்காணலில்கூட இவ்வளவு சீக்கிரம் கேட்கவில்லை. அதற்காகத்தான் இரண்டு குரலில் கத்துகிறோம், ஒன்று கட்டைக்குரல், ஒன்று கீச்சுக்குரல். கிரில் மாதிரிப் பொடிசுகள் கீச்சுக்குரலைத்தான் பலமாகத் திருப்பி அனுப்பும். கட்டைக்குரலைக் கண்டுகொள்ளாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து அது கிரில்தான் என்று பிடித்துவிடுவோம். அதோடு விட்டால் பரவாயில்லை. கிரில் தலையைத் தூக்கி நீந்தினால் எதிரொலி ஒரு மாதிரி, படுக்கையாக நீந்தினால் வேறு மாதிரி. அதற்கும் சேர்த்துக் கணிக்க வேண்டும்.

"படுத்தா ஒண்ணு, நின்னா ஒண்ணா? ஒங்க அப்பா மாரியே இருக்கு," என்று அம்மா போனை வைத்துவிட்டாள்.

சோனார் என்ற இந்தக் கருவியைப் பார்த்துக்கொள்பவர் கிரெய்க். அறுபத்து நான்கு வயது, ஆறடி உயரம், பேச்சு ஆறு வார்த்தைக்குமேல் போகாது. ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் அமைதியான ஒரு விரிகுடாவில் கப்பலை நிறுத்தி, மூன்று தூண்டில் நரம்புகளில் ஓர் உலோகக் குண்டைக் கட்டிக் கப்பலுக்கு அடியில் தொங்கவிடுவார். கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிது. அந்தக் குண்டின் எதிரொலி எவ்வளவு இருக்கவேண்டும் என்பது முன்பே தெரிந்தது. சோனார் அதே அளவைச் சொன்னால் கருவி சரி. குண்டைச் சத்தத்தின் நேர்கீழே கொண்டுவர ஒரு பகல் முழுக்கக்கூட ஆகும். நரம்பை அரை அங்குலம் விடுவார், இழுப்பார், தேநீர் குடிப்பார், மறுபடி விடுவார். முப்பது வருடமாக அந்தக் குண்டு அவரை ஏமாற்றியதில்லை. இந்தக் குளிர்காலத்தோடு அவர் ஓய்வு பெறுவதாக இருந்தது.

3

ஒன்பது வருடம் நான் மாடியிலேயே காலத்தை ஓட்டினேன். இங்கே கோடை டிசம்பரில் வரும். இந்தக் கோடையில்தான் முதல்முறையாகக் கப்பலேற்றினார்கள். ஆறு வாரம். முதல் வாரம் வாந்தி, இரண்டாம் வாரம் வாந்தி எடுத்ததை எல்லாரும் பேசிச் சிரித்தது. மூன்றாம் வாரம் கிரில் வந்தது.

திரையில் ஒரு கூட்டம் தெரிந்ததும் அதன் வழியாக வலையை இழுப்போம். சோனார் சொன்னது உண்மைதானா என்று பார்க்க அது ஒன்றே வழி. வலையில் வந்ததைப் பெட்டி பெட்டியாக நிறுப்பது என் வேலை. பெட்டியின் எடையைத் தராசு முன்பே கழித்துவிட்டிருக்கும். கிரில்லைச் சல்லடையில் கொட்டி, குறித்த நேரம் நீரை வடியவிட்டு, பெட்டியில் போட்டுத் தராசில் வைத்து, வருகிற எண்ணை நோட்டில் எழுதவேண்டும். குழந்தைகூடச் செய்யும் வேலை. தலைக்குமேல் ஒரு கேமரா ஒவ்வொரு நிறுவையையும் தானாகப் படமெடுத்துக்கொள்ளும். அந்தப் படங்களை யாரும் பார்ப்பதில்லை.

ஹோபார்ட் திரும்பி ஒப்பிட்டுப் பார்த்தபோது இடித்தது. வலைக்கு டிமிக்கி கொடுத்து ஓடும் கிரில் எப்போதும் உண்டு. அதற்கு எவ்வளவு சேர்த்துக்கொள்வது என்பதற்குப் பழைய பயணங்களின் அனுபவம் இருக்கிறது. அதைச் சேர்த்த பிறகும் வலை சொன்ன எடை சோனார் சொன்னதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. ஒருநாள் இல்லை, எல்லா நாளும்.

எங்கள் குழுத் தலைவி இங்க்ரிட் அதைப் பார்த்துவிட்டு, "வலை தப்புப் பண்ணினால் தாறுமாறாகப் பண்ணும். இது ஒழுங்காக இருக்கிறது. கருவி கூட்டிச் சொல்கிறது," என்றார். அதாவது கிரெய்க்கின் குண்டு தப்பு.

கிரெய்க் குண்டுப்பெட்டியைத் தூக்கினார். மறுபடி விரிகுடாவுக்குப் போய்க் குண்டைத் தொங்கவிட்டார். பழைய விடையே வந்தது. ஒரு வாரம் கழித்து மறுபடி போனார். அதே விடை. மூன்றாம் முறை திரும்பி வந்தபோது, தேநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் என்னிடம், "ஒருவேளை நான்தான் சரியாகப் பார்க்கவில்லையோ என்னவோ. கண் முன்போல இல்லை," என்றார். ஆறு வார்த்தையைத் தாண்டி அவர் பேசிக் கேட்டது அதுதான் முதல்முறை. முப்பது வருட வேலையின் கடைசி அறிக்கையில் 'கருவி சரிபார்ப்பில் ஐயம்' என்று ஒரு வரி சேரப்போகிறது. அந்த அறிக்கையில் வலையைப் பற்றிய பகுதியை எழுதுவது நான். அது நல்லபடி முடிந்தால் ஜூனில் என் ஒப்பந்தத்தை நீட்டிப்பார்கள்.

அவருக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டேன். பாவம், வயதாகிவிட்டது என்று செல்வாவிடமும் சொன்னேன். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

4

துறைமுகத்துக்குப் பக்கத்தில் சனிக்கிழமைச் சந்தை கூடும். அங்கே கீரை விற்கும் ஒருவர், வாடாமல் இருக்கக் கீரைமேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார். கேக் வெட்டியதற்கு மறுநாள் அவரிடம் ஒரு கட்டு எடுத்துத் தராசில் வைத்தேன். வழக்கம்போல, "தண்ணீருக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்," என்றேன். அவர் கீரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அகிலா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

காரில் ஏறியதும் வெடித்தாள். அவளுடைய தமிழ் கோபம் வந்தால்தான் வெளியே வரும். அதனால் அவளைக் கோபப்படுத்த நான் தயங்குவதில்லை.

"அம்மா, நீ ஏன் எப்பவும் இப்பிடிப் பண்றே? எல்லாத்துக்கும் பண்றே! ஸ்விம்மிங் முடிச்சு வந்தப்ப ஸ்கூல் ஃபார்முக்கு என் வெயிட் பாத்தியே, அதுலயும் ரெண்டு கிலோ கம்மியா எழுதினே. டீச்சர் என்னை நர்ஸ்கிட்ட அனுப்பிட்டாங்க!"

"தலை ஈரமா இருந்துச்சுல்ல?"

"ரெண்டு கிலோவா? என் தலையில ரெண்டு கிலோ தண்ணியா?"

செல்வா வண்டி ஓட்டிக்கொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"கிரில்லுக்கும் இப்பிடித்தான் பண்ணுவியா?" என்றாள் அகிலா.

அதற்கும் சிரித்தேன். பாலத்தைத் தாண்டி மூன்றாவது சிக்னல் வரை சிரித்துக்கொண்டிருந்தேன். அங்கே நின்றுவிட்டது.

திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னால் ஆய்வகத்துக்குப் போய், யாரும் பார்க்காத அந்தப் படங்களைத் திறந்தேன். முதல் படத்தில் தராசு இருபதரை காட்டியது. என் நோட்டில், என் கையெழுத்தில், பதினெட்டரை. அடுத்ததில் இருபது, நோட்டில் பதினெட்டு. ஆறு வாரமும், கை விறைத்து மூளை உறைந்த எல்லா நாளும், ஒரு பெட்டி விடாமல் இரண்டிரண்டாகக் கழித்து வைத்திருந்தேன். இங்க்ரிட் சொன்னது சரி. ஒழுங்கான தப்பு. என்னைப்போல ஒழுங்காக வேறு யாரும் தப்பு செய்துவிட முடியாது.

5

கல்லூரியில் படித்தபோது இரண்டு வருடம் லீவு நாட்களில் தோட்டத்தில் கொழுந்து நிறுத்து எழுதும் வேலை பார்த்தேன். ஃபாக்டரிக்குக் கீழே, தகரக் கூரை போட்ட கொட்டகை. நோட்டில் ஏறும் கிலோவுக்குத்தான் கூலி. அம்மாவும், லயம் என்கிற தோட்டத்து வரிசைவீடுகளின் பெண்களும் மூட்டையோடு வரிசையில் நிற்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் அம்மாவைப் போலச் சிலோன் தோட்டத்தில் பிறந்து, கப்பலும் ரயிலும் ஏறி அங்கே வந்து சேர்ந்தவர்கள்.

முதல் நாள் மழை. தராசில் இருபது காட்டியது, இருபது என்று எழுதினேன். சூப்பர்வைசர் ராஜண்ணன் குடையை மடக்கிக்கொண்டே வந்து நோட்டை எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, புதுசுங்களா? மூட்டைக்கு ஒண்ணு, தண்ணிக்கு ஒண்ணு. ரெண்டு தள்ளிப் போட்டு எழுதுங்க."

"தண்ணி அவ்வளவு இருக்குங்களா?"

"இருக்குதோ இல்லையோ, தள்ளோணுமுங்க. அதுதாங்க வழக்கம்."

தள்ளினேன். இரண்டு நாளில் கண் ஒரு எண்ணைப் பார்க்கும், கை வேறு எண்ணை எழுதும் என்று ஆகிவிட்டது. மூன்றாம் நாள்தான் அம்மா என் தராசு வரிசைக்கு வந்தாள். மூட்டையைத் தராசில் மாட்டிவிட்டு முள்ளைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள். பின்னால் இருபது பெண்கள் அவளையும் என்னையும் பார்த்தார்கள். இருபத்திரண்டு காட்டியது. நான் இருபது என்று எழுதினேன். அம்மா மூட்டையைக் கொட்டிவிட்டுப் போனாள்.

அந்த இரண்டு லீவிலும் நான் அவளுக்குத் தள்ளியது எத்தனை கிலோ என்று கூட்டிப் பார்த்ததில்லை. வீட்டில் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதுமில்லை. அது எனக்குள் இந்த அளவுக்கு ஈரம் காயாமல் கிடக்கிறது என்று படங்களைப் பார்த்த திங்கட்கிழமைதான் தெரிந்தது.

6

சொல்லாமல் விட்டிருக்கலாம். நோட்டைத் திருத்தி, 'படங்களோடு சரிபார்க்கப்பட்டது' என்று அழகாக ஒரு வரி எழுதியிருக்கலாம். அந்த யோசனை ஒரு காபி குடிக்கும் நேரம் எனக்குள் இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. அப்போது கண்ணாடிக்கு வெளியே கிரெய்க் மறுபடியும் குண்டுப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். நாலாவது முறை. காபியை வைத்துவிட்டு ஓடினேன்.

தோட்டம், மழை, மூட்டை, ராஜண்ணன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கிரெய்க் பெட்டியைக் கீழே வைத்தார். அதைத் திறந்து குண்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். கடைசியில், "அப்படியென்றால் குண்டு சரி," என்றார். பிறகு மூக்கைச் சிந்தினார். குளிர் என்று நினைத்துக்கொள்ளும்படி திரும்பிக்கொண்டு சிந்தினார்.

இங்க்ரிட் கத்துவார் என்று நினைத்தேன். அவர் எனக்கு ஒரு படிவத்தை அனுப்பினார். கத்தியிருக்கலாம். இந்த நாட்டில் தண்டனை எல்லாம் படிவமாகத்தான் வரும். 'பிழைக்குக் காரணம்' என்ற இடத்தில் மூன்றே தேர்வுகள்: கருவி, பயிற்சிக் குறைவு, களைப்பு. எனக்கோ பயிற்சி கொஞ்சம் கூடிவிட்டிருந்தது. அதற்குக் கட்டம் இல்லை. 'ஊர் வழக்கம்' என்று ஓரத்தில் எழுதி அனுப்பினேன். விளக்கம் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசிப் பத்தி வேறு காலியாக இருக்கிறதாம்: 'இந்தப் பிழையால் பாதிக்கப்பட்டவர்கள்.'

கிரெய்க்கின் பெயரை எழுதினேன். கீழே இன்னொரு வரி காலியாக இருந்தது. அதில் யார் பெயரை எழுதவேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவளைக் கேட்காமல் எழுதக்கூடாது என்று தோன்றியது.

7

அம்மாவை இங்கே கூட்டி வர மூன்று முறை முயன்று தோற்றிருக்கிறோம். பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். அம்மா பிறந்தது சிலோனில் ஒரு தோட்டத்து லயத்தில். பிறந்த நேரத்தில் அடைமழை என்பதைத் தவிர அதற்கு வேறு பதிவு கிடையாது. ஆகவே நாங்கள்தான் போனோம், ஏப்ரலில், அரவேணுவுக்கு.

அம்மா வேலையை விட்டு ஆறு வருடம் ஆகிறது. அகிலா அவளுக்குப் போனில் சோனார் படம் காட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய தமிழும் அம்மாவின் பொறுமையும் தீரும்வரை காத்திருந்து, நடந்ததையெல்லாம் சொன்னேன். கிரெய்க்கின் குண்டு வந்தபோது அம்மா, "அய்யோ பாவம்," என்றாள். இரண்டு கிலோ வந்தபோது வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள்.

"அந்த ஃபார்முல ஒன் பேரையும் எழுதணும்மா. நாந்தான ஒனக்கும் தள்ளுனேன்," என்றேன். பத்து வருடமாக இங்கே உடையாத குரல், அந்தச் சமையற்கட்டில் உடைந்தது.

அம்மா எழுந்து வாசலில் துப்பிவிட்டு வந்தாள்.

"கிறுக்கி. அன்னைக்கு நீ எனக்கு மட்டும் தள்ளாம விட்டுருந்தியன்னா, பின்னால நின்னவளுக நம்மள லயத்துல குடியிருக்க விட்டுருப்பாளுகளா? தள்ளு தள்ளுன்னு நானே சாமிய வேண்டிக்கிட்டுத்தான் ஒன் மொகத்தப் பாத்துக்கிட்டு நின்னேன்."

நான் அழுதேன். அகிலா பயந்துபோய் என் முதுகைத் தடவினாள். அம்மா கொஞ்சநேரம் விட்டுப் பார்த்தாள். அழுகை அடங்குகிற மாதிரி இல்லை என்று தெரிந்ததும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னொண்ணு சொல்றேன். ஒருத்தர்ட்டயும் சொல்லாத."

"என்னாம்மா?"

"நீ தண்ணிக்குத் தள்ளப்போறன்னு தெரியுமில்ல? கொட்டகைக்கு வர்ற வழியில ஓடை இருக்கே, அதுல நாங்க எல்லாரும் மூட்டைய ஒரு முக்கு முக்கிட்டுத்தான் வருவோம். நீ ரெண்டு கிலோ தள்ளுன. நான் மூணு கிலோ ஏத்திக்கிட்டு வந்தேன்."

அழுதுகொண்டிருந்தவள் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டேன். அகிலாவுக்கு அந்தக் கணக்கு மட்டும் தமிழில் உடனே புரிந்தது. "பாட்டி வின்ஸ்!" என்று தரையில் உருண்டு சிரித்தாள்.

"அதனால என் பேர எழுதாத," என்றாள் அம்மா. "எழுதுனா ஓடையையும் சேத்து எழுதணும்."

ஜூனில் என் ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டார்கள். ஓய்வு பெற்ற கிரெய்க் வாரம் ஒருமுறை வந்து, எனக்கு ஊற்றும் தேநீரை மட்டும் இரண்டு விரற்கடை குறைத்து ஊற்றி, "தண்ணீருக்கு," என்கிறார். படிவத்தைப் போன வாரம் அனுப்பினேன். பாதிக்கப்பட்டவர்கள் பத்தியில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது.